பிஸ்கட் டின்னில் வந்த மண்

போன வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் முனியாண்டி கோயிலுக்கு அடிக்கல் நாட்டினோம். மேளம், மாலை, பந்தல் எல்லாம் பிரமாதம். கமிட்டிக் காரியதரிசி ஒரு பித்தளைச் செம்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "கப்பலேறி வந்த நம் தாய்நாட்டு மண்" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நான் போட்டுக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏனா? அந்த மண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். காரியதரிசிக்கும் தெரியும். இன்று உங்களுக்கும் தெரியட்டும்.

பிடிமண் வழக்கம் நீங்கள் அறிந்ததுதான். ஓர் ஊர்ச் சாமியை இன்னோர் ஊரில் வைக்க வேண்டுமா? பழைய இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து வந்து புதுக் குழியில் போட்டால் போதும். சாமி கூடவே வந்துவிடும் என்பது நம்பிக்கை.

அடிக்கல்லுக்கு இரண்டு வாரம் முன் கமிட்டிக் கூட்டத்துக்கு அஞ்சலை வந்தாள். சாலாக் செலாத்தானில் ரயில் பாதை வேலைக்குக் கூடை சுமக்கிறவள். அங்கே மேடு வெட்டும்போது மண் சரிந்து அவள் புருஷன் உள்ளே போனான். ஆளைத் தோண்டி எடுக்கவே முடியவில்லை. அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, முனியாண்டி என்று கும்பிட்டு, பதினெட்டு வருஷமாக விளக்கேற்றி வருகிறாள். இப்போது பாதையை அகலப்படுத்துகிறார்கள். அடுத்த மாதம் அந்தக் கல் இருக்காது.

"முதலாளி, எங்க முனியாண்டியோட பிடிமண்ணுங்க" என்று முந்தானை முடிச்சை நீட்டினாள். "புதுக் கோயில்ல ஒரு ஓரமாப் போட்டுட்டீங்கன்னா, அவரு அனாதையா நிக்க மாட்டாரு."

காரியதரிசி துணிக்கடை முதலாளி. முடிச்சை அவர் தொடக்கூட இல்லை.

"கூலி லைன் மண்ணாங்கட்டியெல்லாம் கோயிலுக்கு ஆகாதும்மா. ஊர்லேர்ந்து சுத்தமான மண்ணு கப்பல்ல வருது."

"இதுவும் சுத்தந்தாங்க. எம் புருஷன் இதுலதான் கெடக்கறாரு."

"அதைத்தாம்மா தீட்டுங்கறேன்."

அவள் முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். கணக்கெழுதும் கிராணியான நானும் கமிட்டியில் ஒருவன்தான். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் ஸ்டீமர் வந்தது. காரியதரிசியும் நானும் ரயிலேறி, கிள்ளானைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போனோம். மண் ஒரு பிஸ்கட் டின்னில் வந்திருந்தது. சோதனை போடும் துரை மூடியைத் திறந்து பார்த்தார். வெளிநாட்டு மண்ணில் பூச்சி வருமாம், ரப்பர் மரத்துக்கு ஆகாதாம். கவிழ்த்தார் கடலில். காலி டின்னை மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காரியதரிசிக்கு வரவில்லை. கிட்டங்கிக்குப் பின்னால் போய்ச் சாலையோரம் குந்தினார். கரித்தூளும் மாட்டுச் சாணமும் கலந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி டின்னை நிரப்பினார்.

"என்ன முதலாளி இது?" என்றேன்.

"யாருக்குத் தெரியப்போவுது கிராணி? எல்லாம் மண்ணுதானே."

"இதை அன்னிக்கு அஞ்சலைகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அது வேற" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

எது வேறு? நானும் கோலாலம்பூர் வரும் வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நாமும் வாய்க்கு வாய் மண் என்கிறோம். தோற்றவன் மண்ணைக் கவ்வுகிறான். பிழைப்பைக் கெடுப்பவன் வாயில் மண்ணைப் போடுகிறான். மக்கின் தலைக்குள் களிமண். வயிறெரிந்தவள் மண்ணை வாரித் தூற்றுகிறாள். இத்தனை வசவுக்கும் காலடி மண் போதும்... மேடை ஏறிவிட்டால் மட்டும் மண் தாயாகிவிடுகிறது. அதுவும் கப்பலில் வந்தால்தான் தாய். இந்த நாட்டு மண்ணை வெட்டினோம், சுமந்தோம், இதில் விளைந்ததைத் தின்றோம், நம் பிணங்களையும் இதில்தான் புதைத்தோம். இதைக் கும்பிட மட்டும் கை கூசுகிறதா? வெட்கமாக இல்லை நமக்கு?

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். செம்பிலிருந்த மண்ணைக் குழியில் கொட்டியதும் கூட்டம் பந்திக்கு ஓடியது. பந்தலுக்கு வெளியே, வெயிலில், அஞ்சலை. இடுப்பில் அதே முடிச்சு.

"கப்பல் மண்ணு வந்துருச்சுங்களா கிராணியய்யா?"

அவளிடமும் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "அது கடல்ல போச்சும்மா. செம்புல இருந்தது துறைமுக ரோட்டு மண்ணு" என்றேன்.

இடுப்பு முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ரோட்டு மண்ணு ஆவுமாங்க? அப்ப எங்க ஆளு மட்டும் என்ன பாவம் பண்ணாரு?"

"வா என்கூட" என்றேன்.

குழியருகே கொத்தனார் மட்டும் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். அஞ்சலை உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடிதான். கொட்டிவிட்டு, முந்தானையை இரண்டு முறை உதறினாள். பிறகுதான் அழுதாள். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மூன்று சட்டி சாந்தை ஊற்றிக் கல்லை வைத்து மூடிவிட்டார்.

காரியதரிசி பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர். ஐயா, தீட்டுப் பட்டுவிட்டதென்றால் தாராளமாகக் கல்லைப் பெயர்த்துத் தோண்டுங்கள். அதில் எது உங்கள் மண், எது அஞ்சலையின் மண் என்று பிரித்துக் காட்டுங்கள் - அன்றைக்கே நான் கமிட்டியை விட்டுப் போகிறேன்.