கனகலட்சுமி திறந்த இரண்டாவது வரிசை

யார் சொன்னாலும் கனகலட்சுமிக்கு நம்பிக்கை வராது, அளந்து பார்த்தால்தான் வரும். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று கட்டாயம் இருக்கும். அப்பா மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் இருபது வருஷம் துணி அளந்து கிழித்தவர். அந்தப் புத்தி மகளுக்கு வந்திருக்கலாம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். பத்ரிநாத்தைக் கட்டிக்கொண்டு கே.கே. நகருக்கு வந்தாள். மெஷின்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து தரும் மூன்று பேர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். மற்ற இருவரும் பெட்டியைச் செய்வார்கள். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் முழுக்க இவள் தலையில். "நீ என்னைக் கட்டினதுக்கு ஒரு பெட்டியைக் கட்டியிருக்கலாம்" என்று பத்ரிநாத் வீட்டில் சௌராஷ்டிர மொழியில் கிண்டலடிப்பான். அவள் மறுத்துப் பேசியதாகத் தகவல் இல்லை.

2004 புரட்டாசியில் ஒத்தக்கடையிலிருந்து போன் வந்தது. அங்கே ஜெயக்கொடி என்பவர் பிளாஸ்டிக் பைகளுக்கு நாலு நிறத்தில் அச்சடிக்கும் பட்டறை வைத்திருந்தார். மெஷினை ஓட்டுவது இவள் கம்பெனிப் பெட்டி. தீபாவளிக்கு ஒரு துணிக்கடையின் பைகள், பைக்கு ஒரு மயில். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மஞ்சள் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் விலகிப் போகிறது. மயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மயில் எட்டிப் பார்க்கிறது.

"உங்க பெட்டி நல்லாத்தாம்மா இருக்கு. ஓட்டுற ஆளு தூங்குறான்" என்றார் ஜெயக்கொடி. "மெஷின்ல பிசகு இல்லைன்னு ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவனை அனுப்பிருறேன்."

லெட்டர் தயாராக டைப் அடித்து மேஜையில் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் கம்பெனி பெயரும் காப்பாற்றப்படும், அரை மணியில் வீட்டுக்கும் போகலாம். நம்மில் பலர் போட்டுவிட்டு ஒரு காபியும் குடித்திருப்போம். கனகலட்சுமி அச்சடித்த ரோலைப் பார்க்கணும் என்றாள்.

ஓட்டுகிறவர் பெயர் முத்திருளன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஒன்பது வருஷமாக அச்சு மெஷினில் நிற்கிறார். மகள் பசுமலையில் பன்னிரண்டாவது படிக்கிறாள்.

"நான் தூங்கலை மேடம். எம்புட்டுச் சொன்னாலும் மொதலாளி நம்பமாட்டேங்குறாரு" என்றார். கெஞ்சவில்லை, தகவல் சொல்வது போலத்தான் சொன்னார்.

அச்சு ஓடும்போது பிசகு வந்தால் மெஷினை நிறுத்த மாட்டார்கள். சுருளும் ரோலின் ஓரத்தில் ஒரு காகிதச் சீட்டைச் செருகிவிடுவார்கள். பை வெட்டும்போது அந்த இடத்தைக் கழித்துக்கொள்ளலாம். கனகலட்சுமி ரோலைத் திரும்பச் சுற்றச் சொல்லி, ஒவ்வொரு சீட்டும் எந்த மீட்டரில் இருக்கிறது என்று எழுதினாள். முந்நூறு. அறுநூறு. எழுநூற்று நாற்பது. தொள்ளாயிரம்.

"எழுநூத்தி நாப்பது எங்கிருந்து வந்துச்சு?" என்றாள்.

"அந்தச் சீட்டு மடிச்சிருக்கும், பாருங்க. மடிச்சது என் தப்பு. மை தீர்ந்ததைக் கவனிக்கலை. மடிக்காதது, ஏன் வந்துச்சுன்னு எனக்கே தெரியாதது."

எடுத்துப் பார்த்தாள். மடித்துத்தான் இருந்தது. "இப்படி மடிக்கணும்னு யாருண்ணே சொன்னா?"

"யாரு சொல்லுவா? எது நம்ம தப்புன்னு நமக்குத் தெரியணும்ல."

இந்த மனுஷனை அனுப்ப விடுவதில்லை என்று கனகலட்சுமி அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

அந்த ரோல் நிமிஷத்துக்கு அறுபது மீட்டர் வேகத்தில் ஓடியது. மறுநாள் நாற்பது மீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மடிக்காத சீட்டுகள் இருநூறிலும் நானூறிலும் விழுந்தன. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. அலாரம் வைத்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தூங்குகிற மனுஷன் மதுரை ஜில்லாவிலேயே கிடையாது.

அப்படியானால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அங்கே என்ன நடக்கிறது? மெஷின் எப்படி ஓடுகிறது என்று ஜெயக்கொடி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறிக்கை போகும். அவர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று மூன்று மாதத்துக்கு முன் பெட்டியோடு சேர்த்து அதை எழுதிக் கொடுத்தது இவளேதான்.

நாலு நிற உருளைகளுக்கும் 'இப்போது நீ இங்கே இருக்க வேண்டும்' என்று புரோகிராம் நொடிக்கு இருநூற்றைம்பது முறை செய்தி அனுப்பும். செய்தியை ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்கி, ஒரே வரிசையில் நிறுத்தி, நெட்வொர்க் கார்டு வழியாக வெளியே விடும். முதலாளியின் அறிக்கை வந்து வரிசையில் முன்னால் நின்றுகொண்டால், நாலில் கடைசியாகப் போகும் மஞ்சள் உருளைக்கான செய்தி பின்னால் காத்துக் கிடக்கும். இரண்டு மில்லி செகண்டுதான். ஆனால் அதற்குள் பிளாஸ்டிக் இரண்டு மில்லிமீட்டர் போய்விடும்.

"தப்பு எங்க பெட்டியில சார். நான் எழுதுனதுல" என்றாள் ஜெயக்கொடியிடம். "அறிக்கையை நிறுத்திட்டா இப்போதைக்குச் சரியாயிரும்."

"வீட்ல உக்காந்து பாக்கணும்னுதானம்மா இந்தப் பெட்டியவே வாங்குனேன்!" என்றார் அவர். அவர் இன்னும் நம்பவில்லை. ஒரு வாரம் கெடு கொடுத்தார். அதுவரை மெஷினில் ஒற்றை நிற வேலை, முத்திருளனுக்குப் பை மடிக்கும் இடத்தில் உட்கார்ந்த வேலை. வாரம் முடிந்தும் மஞ்சள் விலகினால் ஆள் வீட்டுக்கு.

அந்த நெட்வொர்க் கார்டின் கையேட்டை பிரௌசிங் சென்டரில் எழுபது பக்கம் பிரிண்ட் எடுத்தாள் கனகலட்சுமி. சோறு வேகும் நேரமெல்லாம் படித்தாள். நடுவில் ஓரிடத்தில் இரண்டே வரி: அந்தக் கார்டில் செய்தி அனுப்ப இரண்டு வரிசைகள் உண்டு, ஒன்று சாதாரணம், ஒன்று அவசரம். சிஸ்டம் சாதாரண வரிசையை மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது வரிசை சும்மா கிடந்தது. அதை அச்சுப் புரோகிராமுக்கே நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சிஸ்டத்திடம் கேட்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், புரோகிராம் தன் கையாலேயே செய்தியைக் கார்டின் வரிசையில் வைத்துவிடும். ஆபத்தும் அதில்தான். தடுக்க நடுவில் ஆள் கிடையாது, மெமரியில் ஒரு முகவரி தப்பினாலும் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் மொத்தமாக உறைந்துவிடும்.

ஐந்தாம் நாள் ஓட்டிப் பார்த்தார்கள். நாற்பது நிமிஷம் மயில் மயிலாகவே இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் உறைந்தது, பிளாஸ்டிக் அறுந்து தரையெல்லாம் மஞ்சள் மை. ஜெயக்கொடி எழுந்து வெளியே போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. முத்திருளனிடம் ஒரு சீட்டு வாங்கி, அதை மடித்து, அறுந்த இடத்தில் தானே செருகினாள்.

"என்னாச்சு தங்கச்சி?" என்றார் முத்திருளன்.

"செய்தி வைக்கிறதுக்கு மெமரியில ஒரு இடம் பிடிச்சேண்ணே. அது காலியா இருக்குன்னு நினைச்சு சிஸ்டம் வேற ஒண்ணுக்குக் குடுத்துருச்சு."

"துண்டு போடலையாக்கும். உசிலம்பட்டி பஸ்ல சன்னல் வழியா துண்டப் போட்டுட்டுத்தான் ஏறணும். போடலைன்னா எவனாச்சும் உக்காந்துக்குவான்."

சிரித்துவிட்டாள். இடத்தைப் பூட்டி வைக்கும் ஒரே ஒரு வரி, அதைத்தான் மறந்திருந்தாள். எழுதிச் சேர்த்து, அந்த வரிக்கு மேலே 'துண்டு' என்று குறிப்பும் போட்டாள்.

ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு மெஷினைத் தொட்டவர் முத்திருளன். ஜெயக்கொடியின் அறிக்கையும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் ஜெயக்கொடி தானே நின்று ரோல்களைத் திரும்பச் சுற்றவைத்தார். ஒவ்வொரு ரோலாக வெறுமையாக வந்தது. கடைசி ரோலில் ஒரு சீட்டு.

"இந்தா இருக்குல்ல!" என்று கையை நீட்டிக் கத்தினார்.

"எடுத்துப் பாருங்க சார். மடிச்சிருக்கா?" என்றாள் கனகலட்சுமி.

எடுத்தார். நடுவில் சரியாக மடித்திருந்தது.

"டீ வந்துச்சு மொதலாளி. திரும்பிப் பாத்துட்டேன், அதுக்குள்ள மை தீர்ந்துருச்சு" என்றார் முத்திருளன். "அது என்னுது."

வேலை போகுமா நிற்குமா என்கிற நாளில், யாரும் பார்க்காத தன் தப்புக்கு ஒரு மனுஷன் சீட்டு வைத்திருக்கிறார். கனகலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை. ஜெயக்கொடி மேஜைக்குப் போய், கையெழுத்துக்குக் காத்திருந்த லெட்டரை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் ஆறு மணிக்கு வந்துருவேல்ல?" என்றார்.

"வாரேன் மொதலாளி" என்றார் முத்திருளன்.