அடிக்காத ஹாரன்

பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடியில், எங்கள் ஆய்வகத்தில், திங்கட்கிழமை வரப்போகும் ஆய்வுக்குழுவுக்காக வரைபடங்களை அச்சிட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. திரையில் ‘அக்கா’ என்று இருந்தது. எடுத்ததும் பல பெண்களின் அழுகை கேட்டது. யாரோ “வண்டியக் கொண்டாங்க, வண்டியக் கொண்டாங்க” என்று கதறினார்கள். அதற்கு மேலாக அக்காவின் குரல், வழக்கத்தைவிட உரக்க வந்தது. “ஏட்டி, ஒன் பெட்டி இன்னைக்கு ஏன் பேசல?” யாருக்கு என்ன ஆயிற்று, எங்கே இருக்கிறீர்கள் என்று நான் மாறி மாறிக் கேட்டேன். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. அதே கேள்வியையே திரும்பவும் கேட்டார். பெட்டி ஏன் பேசல? நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை என்பது அன்று இரவுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெட்டியை வைத்தவள் நான். எங்கள் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நான் கருவிப் பொறியாளர். மேகத்தில் மின்சாரம் திரள்வதை நிலத்திலிருந்தே அளந்து, இடி விழுவதற்கு முன்பே ஹாரன் அடிக்கும் கருவி ஒன்றை எங்கள் குழு உருவாக்கியிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க, சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் வழியில் ஒரு கரிசல் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நிழல் அரிதான மானாவாரிப் பூமி. ஐப்பசியில் உளுந்துக்குக் களையெடுக்கும் பெண்கள் நாள் முழுக்க வெட்டவெளியில் இருப்பார்கள். என் சொந்த ஊர் சங்கரன்கோவில். அப்பா அங்கே திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர். அந்தப் பேச்சும் பழக்கமும் தெரிந்தவள் என்பதால் என்னை அனுப்பினார்கள். பள்ளிக்கூட மொட்டைமாடியில் கருவியைப் பொருத்திய அன்று பந்தல் போட்டு விழா நடந்தது. நாட்டின் வளர்ச்சியில் பல்கலைக்கழகத்தின் பங்கு பற்றி எங்கள் இயக்குநர் நெடுநேரம் பேசினார். உண்மையாகவே நம்பித்தான் பேசினார். நானும் நம்பித்தான் கைதட்டினேன்.

விழா முடிந்ததும் பந்தலுக்கு வெளியே நின்றிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் சும்மாடு, புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. களையெடுப்புக்குப் பெண்களைத் திரட்டிக் கூட்டிப்போகிறவர் அவர்தான். எந்தப் புஞ்சைக்கு யார் போவது, எப்போது வேலை முடித்துக் கரையேறுவது எல்லாம் அவர் சொல்படிதான். ஊரே அவரை அக்கா என்றது. “மேடம், இது அடிச்சா நாங்க என்ன செய்யணும்? அதச் சொல்லலையே யாரும்” என்று கேட்டார். வேலையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது என்றேன். “முதலாளி கிட்ட யாரு சொல்லுவா?” என்றார். அந்த நேர்மையான கேள்வியால்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். வாரம் ஒருமுறை கருவியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவரோடு வரப்பில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினேன். இரண்டாவது மாதம் மேடம் போய் ஏட்டி வந்தது.

ஹாரன் அடிக்கத் தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. முதல் தடவை எல்லோரும் ஓடிவந்து பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றார்கள். மேகம் அப்படியே வடக்கே நகர்ந்து போய்விட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை புஞ்சைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து வராந்தாவுக்கு எதிரேயே நின்று ஏசினார். இப்படிப் பாதியில் ஓடினால் சிவகிரிப் பக்கத்திலிருந்து ஆள் கொண்டுவந்து விடுவேன் என்றார். நான்காவது தடவை ஹாரன் அடித்தபோது நான் அங்கேயே இருந்தேன். முப்பது பெண்களில் ஒருவர்கூட நிமிரவில்லை. அன்று சாயங்காலம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஒன் மிஷினு பொய்யல்லா சொல்லுது. எனக்குக் கீழ முப்பது பேரு நிக்குதாளுவ. நான் எழுந்திரின்னா எழுந்திரிக்கணும். இப்படி நாலு மட்டம் ஏமாந்தா அஞ்சாவது மட்டம் எவ கேப்பா?”

அவர் சொன்னது என்னைச் சுட்டது. அதைவிட, வரப்போகும் ஆய்வுக்குழு சுட்டது. அந்தக் குழு சரி என்றால் கருவி பல மாவட்டங்களுக்குப் போகும். ஊர்க்காரர்களே இது வீண் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. ஹாரன் எந்த அளவுக்கு மேல் அடிக்க வேண்டும் என்ற எல்லையை நாங்கள் மிகவும் எச்சரிக்கையாகக் குறைத்து வைத்திருந்தோம். அதைக் கொஞ்சம் உயர்த்தினால் வீண் சத்தம் குறையும். ஆனால் இடிக்கு முன்னால் கிடைக்கும் அவகாசமும் குறையும். இரண்டும் எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் உட்கார்ந்தபடியே ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணை இட்டேன். இயக்குநரிடம் சொன்னேன், தலையசைத்தார். அக்காவிடம் சொல்லத் தோன்றவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அது அவருக்குச் சொல்லவேண்டிய விஷயம் என்ற எண்ணமே எனக்குள் எழவில்லை.

அதன்பின் பதினோரு நாள் ஹாரன் அடிக்கவில்லை. பன்னிரண்டாவது நாள் அந்த அழைப்பு வந்தது.

அவசரமாகக் கணினியைத் திறந்து பதிவுகளைப் பார்த்தேன். சின்ன மேகம்தான். மின்சார அளவு சரசரவென்று ஏறியிருந்தது. பழைய எல்லையை அது தொட்டதற்கும் இடி விழுந்ததற்கும் நடுவே பதினெட்டு நிமிடங்கள் இருந்தன. புஞ்சையிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. நான் வைத்த புதிய எல்லையை அது தொடவே இல்லை. கோடு அதற்குக் கொஞ்சம் கீழேயே வளைந்து இறங்கியிருந்தது. அந்த வரைபடத்தை அச்சிடாமல் திரையிலேயே இயக்குநரிடம் காட்டினேன்.

இயக்குநர் அதை நெடுநேரம் பார்த்தார். கொடியவர் அல்ல அவர்; இந்தக் கருவிக்காக ஐந்து வருடம் அலைந்தவர். “இயற்கைம்மா இது. பழைய எல்லைன்னாலும் அவங்க எழுந்து வந்திருப்பாங்கன்னு என்ன நிச்சயம்? நீங்களா போய் எதுவும் சொல்ல வேண்டாம். திட்டம் நின்னுபோனா எத்தனை ஊருக்கு நஷ்டம், அதை யோசிங்க” என்றார். அக்காவைச் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தெரிந்து பேருந்து ஏறினேன்; வழியெல்லாம் இயக்குநர் சொன்னதைத்தான் யோசித்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிக்குள் ஒளிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. சங்கரன்கோவிலில் இறங்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று பேருந்து நிலையத்திலேயே கால் மணி நேரம் நின்றேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது காதில் பஞ்சு. நடந்ததைப் பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். தூறல் விழுந்திருக்கிறது. ஹாரன் அடிக்காததால் தூறல்தானே என்று எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போயிருக்கிறார்கள். இடி மரத்தில் இறங்கியிருக்கிறது. அக்காவைத் தூக்கி வரப்பில் எறிந்திருக்கிறது. அவருடைய கொழுந்தன் மனைவி நினைவில்லாமல் விழுந்தவள், இன்னும் கண் திறக்கவில்லை, திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இருபத்தாறு வயது அவளுக்கு.

வலது காதுப் பக்கம் போய் உட்கார்ந்து, எல்லையை மாற்றியதைச் சொன்னேன். பதினெட்டு நிமிடத்தையும் சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

“நீங்கதானக்கா பொய் சொல்லுதுன்னு ஏசினீங்க” என்றேன். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஏசத்தான் செய்வேன். அதுக்காக? அது அடிச்சப்ப நாங்க நம்பல, நெசந்தான். ஆனா அடிக்காதப்ப நம்புனோம். அதான் அந்த மரத்துக்குக் கீழ போனோம். இதுக்கு முன்னால, மேகக் கருக்கல் கூடுனா நானே வானத்தப் பாத்துக் கெளப்பிருவேன். ஒன் பெட்டி வந்த பொறவு நான் வானத்தையே பாக்கல.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. நான் கண்ணைத் துடைத்ததும், “திங்கக்கிழம பெரிய ஆளுவ வாராவள்லா? அங்கன இதச் சொல்லுங்க மேடம்” என்றார். அந்த மேடம் அதற்குப் பிறகு ஏட்டியாக மாறவே இல்லை. ஆறு வருடமாகிறது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் கண் திறந்தாள். வலது கைக்கு அசைவு முழுதாகத் திரும்பவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி வந்தபோது, இனிச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அதை இங்கே எழுதாவிட்டால் மற்றதை எழுதுவதில் பொருளில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வகுப்பறையில் குழுவுக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னேன். இயக்குநர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுத்தலைவர் என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி, “உள்ளூர் மக்களிடம் தெரிவித்துத்தான் மாற்றினீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னால் சுவரோரம் நின்றிருந்த அக்கா, யாரும் அழைக்காமலே முன்னால் வந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு நேரே வந்திருந்தார். “பெட்டிய எடுத்துட்டுப் போயிராதிய” என்றுதான் தொடங்கினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஒரே சத்தம் போதாது. மேகம் கூட ஆரம்பிக்கும்போதே சின்னதா ஒண்ணு அடிக்கட்டும். தூரத்துப் புஞ்சையில நின்னா பள்ளிக்கூடத்துப் பக்கமா வந்து வேல செய்வோம். பொறவு பெரிசா அடிச்சா கெளம்புதோம். வீணா அடிச்சாலும் அடிக்கட்டும். ஆனா அதுல கை வைக்கிறதுக்கு முன்னால எங்கள்ட்ட சொல்லணும்.” பிறகு வாசலில் நின்றிருந்த புஞ்சைக்காரரைத் திரும்பிப் பார்த்து, “அண்ணாச்சி, நீங்களும் கேட்டுக்கோங்க” என்றார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குழு திட்டத்தை நிறுத்தவும் இல்லை, விரிவாக்கவும் இல்லை. இன்னொரு மழைக்காலம் பார்க்கச் சொன்னது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அன்று திரும்பும் வழியில் இயக்குநர் காரின் முன்னிருக்கையில் அமர்ந்து, கோவில்பட்டி தாண்டியும் ஓட்டுநரோடு மட்டுமே பேசிக்கொண்டு வந்தார். ஆனால் அடுத்த கோடையில், ஊரார் ஒப்புதல் இல்லாமல் எல்லையை மாற்றக் கூடாது என்ற விதியைத் தன் கைப்படக் கையேட்டில் சேர்த்தவரும் அவர்தான். இப்போது அந்தக் கருவி வேறு பல ஊர்களில் இருக்கிறது. எல்லா இடத்திலும் இரண்டு சத்தம். பட்டமளிப்பு விழாக்களில் எங்கள் பல்கலைக்கழகம் நாட்டுக்குத் தந்தவை என்று வாசிக்கும் பட்டியலில் அதுவும் உண்டு. அந்த இடம் வரும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். என் கைகள் கொஞ்சம் தாமதமாகவே சேர்கின்றன. கருவியைத் தந்தது நாங்கள்தான். அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதை முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெண் எங்களுக்குத் தந்தார். அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த ஐப்பசியில், இரண்டு சத்தத்தோடு கருவியை மறுபடி இயக்கிய பிறகு, முதன்முதலாக அது அடித்த நாளில் நான் அங்கே இருந்தேன். மதியச் சோற்றுக்குப் பிறகு தெற்கே கறுத்தது. சின்னச் சத்தம் கேட்டது. தூரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பக்கமாக இடம் மாறினார்கள். கால் மணி கழித்துப் பெரிய சத்தம். இடிக்குப் பிறகு கேட்காமல் போன இடது காது பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்ததால் அக்காவுக்கு அது கேட்கவில்லை. முப்பது பேரும் களைக்கொத்தைப் பிடித்தபடி அவரையே பார்த்தார்கள். புஞ்சைக்காரரும் வரப்பில் நின்று பார்த்தார். பக்கத்திலிருந்தவள் அக்காவின் தோளைத் தொட்டுக் காட்டினாள். அக்கா வானத்தை ஒருமுறை பார்த்தார். எழுந்தார். சேலையை உதறிக்கொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பின்னால் நடந்தார்கள்.

வராந்தாவில் முக்கால் மணி நேரம் நின்றோம். இடி விழவில்லை. நாலு துளி தூறிவிட்டு வெயில் வந்தது. நான் மெல்ல அக்காவின் வலது பக்கம் போய், “இன்னைக்கும் வீணாப் போச்சேக்கா” என்றேன்.

“விழலன்னா நல்லதுதான?” என்றார் அக்கா. பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். “மூணு பாத்தி பாக்கி கெடக்கு, வாங்கட்டி.” படியிறங்கி வெயிலுக்குள் போனார். பெண்கள் அவருக்குப் பின்னே போனார்கள்.