அத்தை வந்து சேரும் வரை

அப்பாரு இறந்தபோது அத்தை வானத்தில் இருந்தார். அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. "அப்பாவுக்கு முடியல, கெளம்பி வா" என்று பெரியப்பா போனில் சொன்னதும், மெல்போர்னில் கையில் கிடைத்த துணியோடு அத்தை விமானம் ஏறியிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம், அங்கே மாறி ஏறினால் கோயமுத்தூருக்கு நாலு மணி நேரம் என்றார் அப்பா. பள்ளிக்கூட அட்லஸில் அளந்து பார்த்தேன். என் கைக்கு ஒரு சாண்கூட வரவில்லை. இதற்கா இவ்வளவு நேரம் என்றிருந்தது.

துடியலூர் வீட்டு ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பாரு படுத்திருந்தார். சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மத்தியானம் பெரியப்பாவின் போன் அடித்தது. சிங்கப்பூரில் இறங்கிய அத்தைதான்.

பெரியப்பா கையை உயர்த்தினார். ஒப்பாரி சட்டென்று நின்றது. ஐஸ் பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.

"இப்பச் சொல்லிப்போட்டா, தனியா எப்படி வந்து சேருவா?" என்று அப்பாவிடம் முணுமுணுத்துவிட்டு, அவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு உள்ளேயிருந்து ஒரு செருமல் கேட்டது. அப்பாருவின் செருமல்.

"எங்க கண்ணு இருக்கறே? சாப்டயா?"

அப்பாருவின் குரலேதான். மூச்சு வாங்குவதுகூட அப்படியே இருந்தது. நான் பெட்டியைப் பார்த்தேன். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

"பைய வா கண்ணு. நா எங்க போயிறப் போறேன்?"

பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். கதவு திறந்தபோது பெரியப்பா மட்டும்தான் வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அப்பாருவின் கட்டில் காலியாக இருந்தது. அதன் பிறகு பெரியப்பா கூப்பிட்டும் நான் கிட்டே போகவில்லை.

விளக்குப் போடும் நேரத்துக்கு அத்தை வந்தார். வாசலில் பந்தலைப் பார்த்தும் அலறவில்லை. ஹாலுக்குள் நேரே வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, சிங்கப்பூர்ல பேசுனீங்கல்ல? அதே மாதிரி இன்னொருக்கா பேசுங்கண்ணா."

பெரியப்பாவின் முகம் வெளுத்தது. "உனக்கு அப்பவே தெரியுமா அம்மணி?"

"மொத வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சுங்கண்ணா. போன வெக்கறதுக்குத்தான் மனசு வரல."

பெரியப்பா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அத்தை கையை விடவில்லை. கடைசியில் அவர் கண்களை மூடிக்கொண்டு செருமினார்.

"வந்துட்டயா கண்ணு?"

"வந்துட்டேங்கப்பா" என்று அத்தை அப்படியே பெட்டியின் மேல் சாய்ந்தார். ஹாலே வெடித்து அழுதது. பெரியப்பா ஏன் அப்படிப் பேசினார், தெரிந்துகொண்டே அத்தை ஏன் கேட்டார் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. நான் மட்டும் அழாமல், அப்பாருவின் உதடு அசைகிறதா என்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.