எழுபது வயது வரை பஸ் ஓட்டுவன்

எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரே வாரத்தில் மூன்று கெட்ட செய்திகள் வந்தன. பதினாறு வருடமாக நான் சம்பளப் பிரிவில் வேலை செய்த கம்பனி ஆட்களைக் குறைத்தது, என்னையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டு மோர்ட்கேஜின் பழைய வட்டிக்காலம் முடிந்து, புது வட்டி இரண்டு மடங்குக்கும் மேல் என்று வங்கிக் கடிதம் வந்தது. ஓய்வுகாலத்துக்கென்று நாங்கள் இருவரும் இந்த நாட்டின் கிவிசேவர் திட்டத்தில் சேர்த்த பணம் பங்குச்சந்தையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

என் கணவர் எலக்ட்ரீஷியன். எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர். அறுபத்துநாலு வயதில் கிளென் ஈடனில் நாங்கள் இருக்கும் வீட்டின் கடன் முடியும், அறுபத்தைந்தில் இருவரும் வேலையை விடுவோம் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தார். அந்த வாரம் அதைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இஞ்ச பாரும், கிவிசேவர் முழுக்க ஆபத்தில்லாத ஃபண்டுக்கு மாத்துவம். இண்டைக்கே மாத்துவம்."

"ஆரையாவது கேட்டுப்போட்டு மாத்துவமப்பா" என்றேன்.

அப்படித்தான் கிளென்ஃபீல்டில் ஒரு நிதி ஆலோசகரிடம் போனோம். மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப்பெண், எங்கள் மகளின் வயது இருக்கும். கணவர் கொண்டுபோன கடிதங்களை எல்லாம் வாசித்துவிட்டு, "பயப்படாதீங்க அங்கிள். விலை இறங்கின நேரத்துல மாத்தினா, அந்த நட்டத்தை நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிற மாதிரி. உங்களுக்கு இன்னும் வருஷம் இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க எந்த வயசு வரைக்கும் வேலை செய்ய நினைக்கிறீங்க?"

என்னை அப்போதுதான் வேலையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தால் இன்னும் கூடியது. முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன். வெளியே சிக்னலில் ஒரு பஸ் நின்றது. அதன் முதுகில் பெரிய எழுத்தில், டிரைவர்கள் தேவை, சம்பளத்தோடு பயிற்சி என்று இருந்தது.

"எழுபது" என்றேன். "எழுபது வயது வரை பஸ் ஓட்டுவன்."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கணவருக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் கணக்குப் போட்டாள். அறுபத்தைந்தில் அரசாங்கப் பென்ஷன் வரும், வேலை செய்தாலும் அது நிற்காது, அதை அப்படியே மோர்ட்கேஜுக்குக் கட்டலாம் என்றாள். கணக்குப் போட்ட கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "ஆன்ட்டி உண்மையிலேயே பஸ் ஓட்டினா, இந்தத் திட்டம் நல்லா ஓடும்."

வீட்டுக்குக் கணவர்தான் காரை ஓட்டிவந்தார். வாசலில் காரை நிறுத்திவிட்டு, "நீர் இந்தக் காரையே ரிவேர்ஸ் எடுக்கப் பயப்படுற ஆள்" என்றார்.

உண்மைதான். அந்தப் பயத்தோடுதான் விண்ணப்பம் போட்டேன். மகளுக்கு போன் பண்ணிச் சொன்னபோது, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள்.

பயிற்சி தந்தவர் சமோவாக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது, தெருவில் போகிற அத்தனை கார்களின் கூரையும் எனக்குக் கீழே தெரிந்தது. பல வருடம் கணினித் திரையையே பார்த்த எனக்கு அது ஒரு புதுச் சந்தோஷம். ஊஞ்சலில் உயரப்போகும்போது வருமே, அப்படி. இரண்டாம் நாள் ஒரு பிளாஸ்டிக் கூம்பை பஸ்ஸுக்கு அடியில் இழுத்துக்கொண்டு பயிற்சி முற்றத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். "சிஸ்டர், அந்தப் பயணி டிக்கெட் எடுத்தாரா?" என்று கேட்டார் அவர். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன்.

லைசென்ஸ் பரீட்சையில் முதல் முறை பெயில். இரண்டாம் முறை பாஸ். பாஸ் என்று சொன்னதும் பரீட்சகரைக் கட்டிப்பிடிக்கப் போய், கடைசி நொடியில் கை மட்டும் குலுக்கினேன்.

துணைக்கு ஆளில்லாமல் நான் தனியாக ஓட்டிய முதல் நாள், வழி சான்ட்ரிங்ஹாம் ரோடு. மரக்கறிக் கடைகளுக்கு முன்னால் இருந்த பஸ் தரிப்பில் கணவர் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. கோயிலுக்குப் போடும் சட்டை, கையில் பஸ் அட்டை. அவரைப் பார்த்த சந்தோஷத்தில் நான் கையைக் காட்டினேன், அவரும் காட்டினார். காட்டிக்கொண்டே அவரைத் தாண்டிப் போய்விட்டேன்!

"அந்த மனிசன் ஓடி வாறார்!" என்று பின்னாலிருந்து யாரோ தமிழில் கத்தினார்கள். அடுத்த தரிப்பில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். மூச்சு வாங்க ஏறி, கட்டணப் பெட்டியில் அட்டையைத் தட்டினார்.

"என்னையே விட்டிட்டுப் போறீரே!"

"கையை நீட்டி மறிக்கோணுமப்பா. டாட்டா காட்டினால் நான் என்னெண்டு நிப்பாட்டுறது?"

முன் இருக்கையில் உட்கார்ந்தார். ஏறுகிற ஆட்களுக்கெல்லாம், "மை வைஃப், மை வைஃப்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். ஒரு வயதான வெள்ளைக்காரி எனக்குக் கை தட்டினாள். நகரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

"கடைசித் தரிப்பு, இறங்குங்கோ."

"நான் திரும்பிப் போறன்."

"அப்ப திரும்ப அட்டையைத் தட்டுங்கோ."

தட்டினார்.

கிவிசேவரை நாங்கள் அன்று மாற்றவில்லை. விழுந்ததில் பெரும்பகுதி மெல்ல மெல்ல ஏறிவிட்டது. பிறகும் இறங்கியது, பிறகும் ஏறியது. வட்டியும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மோர்ட்கேஜ் இன்னும் முடியவில்லை. நான் காலையில் சீருடை போட்டுக்கொண்டு போகும்போது கணவர் வாசல் வரை வந்து, இன்றைக்கு எந்த வழி என்று கேட்கிறார். வீடு வீடாக வேலைக்குப் போகத் தன் வேனை ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டதாம். போன கிழமை, பஸ் கம்பனியில் எலக்ட்ரீஷியன் எடுக்கிறார்களா என்று என்னை விசாரிக்கச் சொன்னார்.