நொலீனின் பனிக்கட்டியும் சிட்னிக் கடிகாரமும்

நொலீன் ப்ரௌஸ் மேல் பழி போட்டவர்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டவுன்ஸ்வில்லில் எங்கள் வணிக வளாகத்தின் அடித்தளத்தில் இருக்கும் பனிக்கட்டித் தொட்டிகளை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவள் அவள். மின்சாரம் மலிவாகும் இரவு ஒன்பது மணிக்குமேல் இயந்திரத்தை ஓட்டித் தண்ணீரை உறைய வைப்பாள். மறுநாள் வெயிலில் அது உருகி அத்தனை கடைகளையும் குளிர்விக்கும். வாசலில் காவலுக்கு நிற்கும் எனக்கே இது தெரியும். சிட்னித் தலைமையகத்துக்குத்தான் தெரியவில்லை.

போன செப்டம்பரில் இயந்திரத்தை ஓட்டும் வேலையைச் சிட்னிக் கணினி பிடுங்கிக்கொண்டது. அக்டோபர் பிறந்ததும் சிட்னிக்காரர்கள் வழக்கம்போல் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். எங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாங்கள் அந்தக் கூத்தெல்லாம் அடிப்பதில்லை. அவர்களுடைய ஒன்பது எங்களுக்கு எட்டு. ஊரே ஏசி போட்டுக்கொண்டு, மின்சாரம் கொள்ளை விலை விற்கும் நேரம் அது. நொலீன் சிட்னிக்கு மூன்று முறை போன் செய்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஒன்பதுன்னா ஒன்பதுதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

மின்கட்டணம் எகிறியது. சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக நொலீன்தான் கணினியில் நேரத்தை மாற்றினாள் என்று சிட்னியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை போகும் என்ற மிரட்டல் வேறு. அதை எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியும் வைத்தார்கள். என்ன அநியாயம்!

விசாரிக்கச் சிட்னியிலிருந்து கேமரன் என்ற அதிகாரி விமானம் ஏறி வந்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு அறையில் எங்கள் எல்லோர் முன்னாலும் விசாரணை. நொலீன் உள்ளே நுழைந்ததுமே பொரிந்தான்.

"பத்துக்கு வரச் சொன்னேன்ல? ஒரு மணி நேரமா காத்துக் கெடக்கேன்! இதான் உங்க பொறுப்பா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். சரியாகப் பத்து. அவன் கைக்கடிகாரத்தில் பதினொன்று.

"எறங்குன எடத்துல முள்ளத் திருப்பலியா தம்பி? உன் கம்ப்யூட்டரும் இதத்தான் பண்ணிச்சு."

எல்லோரும் சிரித்தோம். அவன் முகம் சிவக்கக் கடிதத்தைச் சுவரிலிருந்து கிழித்தான்.

"சரி விடுங்க, ஏதோ குழப்பம். மறந்துடலாம்."

"யாரு மறக்கறது? மூணு வாரமா என்னத் திருடி மாதிரி பாத்தாங்க. தப்பு என்னோடது இல்லன்னு உன் கையால எழுதி, அதே எடத்துல ஒட்டு."

அவன் பேனா தேடினான். அவளே ஒன்றை நீட்டினாள்.

"நேரமும் போடு. எங்க ஊரு நேரம்."