தட்டில் இரண்டு சிரிஞ்சுகள்

அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அங்கே அவளுக்கு 'ரிப்பீட்டு' என்று பட்டப்பெயர். டாக்டர் மருந்தின் பெயரையும் அளவையும் வாயால் சொன்னால், அதை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகுதான் கையைத் தூக்குவாள். புதிதாக வரும் டாக்டர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

"நீங்க என்ன கிளிப்பிள்ளையா சிஸ்டர்?" என்று ஒருவர் கேட்டாராம்.

"கிளி தப்பா சொன்னா யாரும் சாக மாட்டாங்க டாக்டர்" என்றாளாம் இவள்.

வீட்டிலும் இதே கூத்துதான். மாமா கடைக்குக் கிளம்பினால் வாங்க வேண்டியதை ஒப்பித்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு மட்டும் ஒரே தடவைதான் கேட்டா. அதைத் திருப்பிக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்பார் மாமா.

தொலைக்காட்சியில் மருத்துவமனை ஆவணப்படம் வந்தால் அவள் பக்கத்தில் உட்காருவது தனி வேடிக்கை. திரையில் டாக்டர் பேசுவார், டாக்டர் விறுவிறுவென்று நடப்பார், டாக்டர் கவலைப்படுவார். நர்ஸுக்கு முகமே இருக்காது.

"பாரு, அந்த நர்ஸ்தான் ட்ரிப் ஏத்தறாங்க. கேமராக்காரன் அவங்க முதுகைக் காட்டறான்."

"அந்தப் பொண்ணு உனக்குத் தெரிஞ்சவளா?" என்பாள் அம்மா.

"முதுகை வச்சு எப்படிம்மா சொல்றது?"

அதனால்தான் ஒரு படக்குழு அவர்கள் மருத்துவமனைக்கே வந்தபோது அக்கா மறுக்கவில்லை. இயக்குநர் நன்றாகப் பேசக்கூடிய ஆள். "இதுவரைக்கும் யாருமே நர்ஸுங்களைச் சரியா காட்டல மேடம். நாங்க உங்க முகத்தைக் காட்டப்போறோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் விழுந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

படம் எடுக்க வந்த அன்று காலை மூலைக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். அவருடைய இதயத் துடிப்பு திடீரென்று சரியும், பிறகு தானே ஏறும். "இன்னொரு வாட்டி இறங்கினா ஊசி போட்டுடலாம். மருந்தை ஏத்தி ரெடியா வைங்க" என்றார் டாக்டர். அக்கா குப்பியை உடைத்து, மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி, லேபிள் எழுதி ஒட்டி, தட்டில் வைத்தாள். கேமரா அவள் தோளருகே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"பிரமாதம் மேடம். ஆனா ஃபோகஸ் போயிடுச்சு. அதே மாதிரி இன்னொரு தடவை செய்ய முடியுமா?"

"மருந்தை வீணாக்க முடியாது சார்."

"தண்ணியே போதும். நுனியில ஒரு சொட்டு வரணும், பின்னாடி உங்க முகம். லேபிளும் இருந்தா நல்லா இருக்கும். இல்லேன்னா வெறும் சிரிஞ்சுன்னு தெரிஞ்சிடும்."

டிரைவர் உறங்கிக்கொண்டிருந்தார். மானிட்டரில் பச்சைக் கோடு ஒழுங்காக ஓடியது. அக்கா இன்னொரு சிரிஞ்சை எடுத்தாள். சலைன் தண்ணீரை அதே அளவுக்கு ஏற்றினாள். அதே லேபிளை எழுதி ஒட்டினாள். நுனியில் ஒரு சொட்டு திரண்டு வெளிச்சத்தில் நின்றது. இயக்குநர் சத்தமில்லாமல் கைதட்டினார்.

தண்ணீர் சிரிஞ்சை உடனே தூக்கிப்போட நினைத்துத் தட்டின் ஓரத்தில் குறுக்கே வைத்தாள். அதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் வாந்தி வருகிறது என்று கையை ஆட்டினார். திரும்பினாள்.

அவள் திரும்பிய நேரத்தில் கேமராக்காரர் தட்டை மட்டும் தனியாகப் படமெடுத்தாராம்; பின்னால்தான் தெரிந்தது. ஒன்று நேராகவும் ஒன்று கோணலாகவும் கிடந்தது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. இரண்டையும் எடுத்து, இரட்டைப் பிள்ளைகளைப் படுக்க வைப்பதுபோல் அக்கம்பக்கமாக வைத்தார்.

அப்போதுதான் மானிட்டர் அலறியது.

டாக்டர் ஓடிவந்தார். டிரைவரின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. "சிஸ்டர், ஊசி!"

அக்கா தட்டைப் பார்த்தாள். இரண்டுக்கும் நிறமில்லை. இரண்டிலும் ஒரே அளவு. இரண்டிலும் அவளுடைய கையெழுத்து. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரண்டும் ஒன்றேபோல் அவளைத் திரும்பிப் பார்த்தன.

"சிஸ்டர்! ஏன் நிக்கிறீங்க?" டாக்டரே கையை நீட்டினார்.

அக்கா உள்ளங்கையால் தட்டை மூடினாள். "வேண்டாம் டாக்டர். புதுசா ஏத்தறேன்."

இரண்டையும் குப்பைப் பெட்டியில் தள்ளினாள். வேறு குப்பி. உடைத்த கண்ணாடி கையுறையைக் கிழித்ததை அவள் கவனிக்கவில்லை. மருந்தின் பெயரை உரக்கச் சொன்னாள். அளவை உரக்கச் சொன்னாள். டாக்டர் "சரி, சரி!" என்று கத்தினார். மருந்து இறங்கியது. துடிப்பு தயங்கித் தயங்கிப் படியேறி வந்தது. டிரைவர் கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி ஏன் இத்தனை பேர் என்பதுபோல் விழித்தார்.

"கொஞ்சம் தடுமாறிட்டீங்க போல. நடக்கிறதுதான், விடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா கிழிந்த கையுறையைக் கழற்றினாள்.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் எங்களிடம் கொட்டினாள்.

"வெளிய மூச்சு விடாதே. ஆள் பொழைச்சாச்சு இல்ல? அதோட விட்டுடு" என்றாள் அம்மா.

"படத்துல எப்படி வரும்?" என்றார் மாமா.

அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினாள். கேள்வி என்னவோ சின்னதுதான். அவள் அசையாமல் நின்றது கேமராவில் இருக்கிறது. ஏன் நின்றாள் என்பது இல்லை. காரணத்தைச் சொன்னால், உயிருக்குப் போராடும் நோயாளியின் தட்டில் தண்ணீர் ஊசியை வைத்தவள் என்று வேலைக்கே ஆபத்து. சொல்லாவிட்டால், வேண்டிய நேரத்தில் விறைத்துப்போன நர்ஸ் என்று ஊரே பார்க்கும். அடுத்து அந்தக் கட்டிலுக்கு வருகிற நோயாளியின் மனைவியும் பார்ப்பாள்.

ஒளிபரப்புக்கு முன்னால், படத்தில் வருகிறவர்களுக்கு மருத்துவமனையின் கூட்ட அறையில் போட்டுக் காட்டினார்கள். அக்கா, டாக்டர், நிர்வாகி, இயக்குநர். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காட்சி வந்தது. பின்னணி இசையில் மத்தளம்போல் ஏதோ அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவின் முகம் திரை முழுக்க. இயக்குநர் காட்டுவதாகச் சொன்ன அதே முகம்தான். கண் அசையாமல், வாய் பாதி திறந்து. 'ஒரு கணம் செவிலியர் உறைந்துபோகிறார். மருத்துவர் பதறவில்லை' என்றது பின்னணிக் குரல். டாக்டரின் கை நீண்டது. அடுத்து டிரைவரின் கண் திறந்தது. குப்பி உடைத்தது, பெயர் சொன்னது, அளவு சொன்னது எதுவும் இல்லை.

"அருமையா வந்திருக்கு" என்றார் நிர்வாகி. "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?"

மேஜைக்கு அடியில் விரல்களை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்ததாக அக்கா சொன்னாள். இயக்குநர் மடிக்கணினியை மூடப்போனார்.

"நான் உறையல" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தட்டுல ரெண்டு சிரிஞ்சு இருந்துச்சு. ஒண்ணுல வெறும் தண்ணி. படத்துக்காக நான்தான் ஏத்தினேன். யாரோ எடுத்து மாத்தி வச்சிருக்காங்க. எது மருந்துன்னு எனக்குத் தெரியல. அதான் நின்னேன்."

நிர்வாகியின் முகம் கறுத்தது. "ஐ.சி.யூ.ல தண்ணி ஊசியா? இதை இப்பத்தான் சொல்றீங்களா?"

"ஆமா சார். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"அதையும் சேர்த்துக் காட்டுங்க" என்று அக்கா இயக்குநரைப் பார்த்துச் சொன்னாள். "'இன்னொரு தடவை'ன்னு நீங்க கேட்டதிலிருந்து போடுங்க. என் தப்பும் வரட்டும்."

இயக்குநர் கழுத்தைத் தடவினார். "மேடம், புரியுது. ஆனா ஒரு இடத்துல திருப்பி நடிக்க வச்சோம்னு காட்டினா, மிச்சப் படத்தை யார் நம்புவாங்க?"

டாக்டர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கையை நீட்டினேனே" என்றார். "எது கிடைச்சிருக்கும் சிஸ்டர்?"

"தெரியாது டாக்டர்."

"அப்புறமாவது என்ன ஆச்சுன்னு நான் கேக்கக்கூட இல்ல." இயக்குநர் பக்கம் திரும்பிச் சொன்னார்: "முழுசா போடுங்க. இல்லேன்னா இந்தக் காட்சியே வேண்டாம். நானும் அதுல இல்ல."

"சார், படத்தோட உயிரே அதுதான்" என்றார் இயக்குநர்.

"உயிர் அந்தக் கட்டில்ல இருந்துச்சு" என்றார் டாக்டர்.

காட்சி படத்திலிருந்து போயிற்று. அக்காவிடம் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். அவளைப் புறநோயாளிகள் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஊசி போடும் வேலை. எத்தனை மாதத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. "வாயைத் திறக்காம இருந்திருந்தா வார்டுக்கே பெரிய சிஸ்டர் ஆகியிருப்பே" என்றாள் மூன்றாவது நாள்.

"தட்டை மூடினப்பவே அந்தப் பதவி போயிடுச்சும்மா" என்றாள் அக்கா.

ஒரு ஞாயிறு மதியம் படம் ஒளிபரப்பானது. மேல்வீட்டு அத்தையும் வந்து உட்கார்ந்தார். படம் முடியப்போகும் நேரத்தில் திரையில் அக்கா வந்தாள். சன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழ, குனிந்து ஒரு போர்வையை இழுத்துவிட்டு, நிமிர்ந்து சிரித்தாள். புல்லாங்குழல் இசை. 'அன்பு ஒன்றே இவர்கள் தரும் மருந்து' என்றது அதே குரல்.

அத்தை மூக்கை உறிஞ்சினார். "எவ்வளவு ஆசையா பாக்கிறே பாரு! அந்த நோயாளி கொடுத்து வச்சவர்டி."

"அந்தக் கட்டில்ல ஆளே இல்ல அத்தை" என்றாள் அக்கா. "ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. காலிக் கட்டிலைப் பாத்து சிரிக்கச் சொன்னாங்க."

அத்தை சரியாகப் பார்க்க முன்னால் குனிந்தார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.