ஹாரன் அடிக்காத கெர்ட்ரூட்

மழை சாய்த்து அடிக்கிறது. காப்பார் ரோட்டில் கெர்ட்ரூட் தன் பக்கத்துச் சன்னலை முழுக்க இறக்கிவிட்டு வேனை ஓட்டுகிறாள். வலது தோள் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. கழுத்தைச் சுற்றி, 'குட்மார்னிங்' என்று அச்சடித்த வெள்ளைக் கைத்துண்டு. அதையும் ஐஸ் தண்ணீரில் முக்கிப் பிழிந்துதான் போட்டிருக்கிறாள். முகம் மட்டும் சுட்ட கிழங்கு மாதிரி சிவந்து கிடக்கிறது.

"அக்கா, சன்னல ஏத்துங்கலா! யூனிபோம் எல்லாம் ஈரமாவுது," என்று பின்சீட்டிலிருந்து தங்கமணி கத்துகிறாள்.

"ஈரமானா காயும். நான் வெந்துட்டா நீயா வந்து ஓட்டுவே?"

சன்னல் ஏறுவதில்லை. பெண்கள் இடப்பக்கமாக ஒண்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இது பழகிப்போயிற்று.

ஷா ஆலம் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரிக்குக் காப்பார், கிள்ளான் பக்கத்துப் பெண்களை ஏற்றி இறக்குவது கெர்ட்ரூட்டின் பிழைப்பு. அப்பா தோட்டத்து லோரி டிரைவர். அவர் மகனுக்குத்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். மகன் தூங்கினான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கற்றுக்கொண்டாள். இன்றைக்கு நாற்பத்து நான்கு வயதில், குறுக்கே வரும் லோரிக்காரனை மூன்று மொழியில் வைவாள். வைது முடித்த கையோடு, கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

ஆனால் ஹாரன் மட்டும் அடிக்கமாட்டாள். சந்து முனையில் வேனை நிறுத்தி விளக்கை இரண்டு தடவை மினுக்குவாள், அவ்வளவுதான். வந்தால் ஏறலாம். வராதவள் பஸ் பிடித்து வரட்டும். "ஹாரன் அடிக்கிறவன்னா, அவன் கை கால் அவன் சொல்றத கேக்கலன்னு அர்த்தம். ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு அந்தச் சத்தம்?" என்பாள். அவள் வேனுக்கு ஹாரன் இருக்கிறதா என்பதே பல பேருக்குச் சந்தேகம்.

காப்பாரில் ஆளை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குத் திரும்பும்போது, ஸ்டேசன் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு நிமிடம் வேன் நிற்கும். அங்கே புருசன் வாலண்டைன் காத்திருப்பான். ரயில்வேயில் சிக்னல் வேலை, இரவு டூட்டி. வீட்டுச் சாவி ஒன்றுதான். இன்னொன்றை அவன் தொலைத்து வருடம் ஆகிறது. சன்னல் வழியாகச் சாவியை வாங்கிக்கொண்டு, "டயர்ல காத்து பாத்தியா? ஹைவேல மெதுவா போ," என்று இரண்டு வார்த்தை புத்தி சொல்லாமல் அவன் விடுவதில்லை. வாழ்நாளில் மோட்டர் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டாதவன்.

இந்தச் சூடு இரண்டு வருடக் கதை. கர்ப்பப்பையில் கட்டி, நிற்காத உதிரப்போக்கு. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். உதிரம் நின்றது, சூடு தொடங்கியது. "அடுப்பே உள்ளார வந்து குந்திக்கிச்சி" என்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து கிளம்பி, கழுத்தில் ஏறி, காது மடல் வரை தீ மாதிரி பரவும். பிறகு ஒரே வேர்வை. பிறகு குளிர். படுத்தால் தூக்கம் கிடையாது. வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடித்தாள். இளநீர் குடித்தாள். தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்து முழுகினாள். "ஆபரேசன் பண்ண உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். வாலண்டைனும் சொன்னான். அவன் சொன்னதைத்தான் பிற்பாடு அவளால் பொறுக்கமுடியவில்லை.

பெடரல் ஹைவேயில் ஒரு காலை, கண்ணைத் திறந்தபடியே கெர்ட்ரூட் தூங்கிப்போனாள். வேன் தடுப்புக் கம்பியில் உரசிக்கொண்டு போனது. முன்சீட்டில் இருந்த இராஜம்மா அவள் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டிருக்காவிட்டால், அன்றைக்கு வேனில் இருந்த அத்தனை வீட்டிலும் ஒப்பாரிதான். ஓரங்கட்டி இறங்கினாள். புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பெண்கள் ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் டாக்டர் இராசேஸ்வரியின் கிளினிக்குக்குப் போனாள். யாழ்ப்பாணத்து அம்மா, கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்தார். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கர்ப்பப்பை மட்டும் இல்லையம்மா, ரெண்டு முட்டைப்பையையும் எடுத்திருக்கினம். இந்தச் சூடு அதாலதான். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லையே டாக்டர். யாருமே சொல்லலையே!"

"உங்கட கணவரிட்ட கேட்டுத்தான் எடுத்தது எண்டு சொல்லுகினம்."

கெர்ட்ரூட் அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாலண்டைன் சட்டையில்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கேட்டாள். அவன் பேப்பரை மடித்தான்.

"ஆமா. நீ மயக்கத்துல கிடந்தே. டாக்டர் வெளிய வந்து, அதையும் எடுத்துறவா, பின்னால தொல்லை இருக்காதுன்னாரு. எடுத்துருங்கன்னேன். இனிமே என்ன, புள்ளையா பெக்கப்போறே?"

"ரெண்டு வருசமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

கேட்பதற்கு, காணாமல்போனது என்ன என்று முதலில் தெரியவேண்டாமா? அவள் ராத்திரியெல்லாம் வெந்துகொண்டு புரண்டபோது, காரணம் தெரிந்த ஒரே ஆள், டூட்டி இல்லாத நாட்களில், பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"பழைய அலமாரிய தூக்கிப்போடணும்னாகூட என்கிட்ட ஒரு வார்த்த கேப்பீங்க," என்றாள். "என் உடம்புல இருந்தது அந்த அலமாரியவிட மட்டமா?"

அவன் பேப்பரை மறுபடி விரித்தான். அன்றிலிருந்து ஒரு வாரம் அவன் தட்டில் சோற்றை வைத்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை ஒரு அட்டை கொடுத்திருந்தார். உடம்பு இழந்ததை வெளியிலிருந்து கொடுப்பது. சூடு தணியும், தூக்கம் வரும், எலும்புக்கும் நல்லது. கர்ப்பப்பை இல்லாததால் அதில் புற்றுநோய் வரும் என்ற பயமும் கிடையாது. அக்கா செசிலியாவின் கதையைக் கேட்டதும்தான் அவர் குரல் இறங்கியது. "மார்புக்கு இது என்ன செய்யும் எண்டு இன்னும் ஆருக்கும் வடிவாத் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் யோசிச்சு முடிவெடுக்க வேணும்."

செசிலியா செமினியில் வாழ்க்கைப்பட்டவள். மார்பில் கட்டி வந்து, புண்ணாகி, போன தவக்காலத்துக்கு முந்தின தவக்காலத்தில் செத்துப்போனாள். கடைசி மாதம் அந்தப் புண்ணைக் கழுவித் துணி கட்டியவள் கெர்ட்ரூட். அந்த வாடை இன்னும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஆக, மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் ஸ்டியரிங்குக்கு முன்னால் கிடந்தது. வேனில் ஏறுகிறவள் எல்லாம் அதைப் பார்த்தாள், சாவி வாங்கக் குனிகிற வாலண்டைனும் பார்த்தான். பார்த்தவளுக்கெல்லாம் ஒரு யோசனை இருந்தது.

"எங்க சின்னம்மாவுக்குத் தீட்டு தன்னால நின்னிச்சி. ஒரு மாத்திரயும் சாப்புடல. சொவுரு மாதிரி இருந்தாங்க," என்றாள் இராஜம்மா.

"எந்தச் சின்னம்மா?" என்றாள் பின்சீட்டிலிருந்து நல்லம்மாள். "போன வருசம் குளியல் ரூம்ல வழுக்கி இடுப்பு ஒடைஞ்சி கிடந்துச்சே, அந்தச் சொவுரா?"

வேன் குலுங்கச் சிரித்தார்கள்.

"மாத்திர சாப்பிட்டா குண்டாயிருவாங்களாம்லா," என்றாள் தங்கமணி.

"இப்ப மட்டும் நான் என்ன ஊதுவத்தியாட்டமா இருக்கேன்? வாய மூடிட்டு வா. எல்லாருக்கும் வாய் இருக்கு. பறிகொடுத்தவ நானு."

சத்தம் போட்டாளே தவிர, ஒவ்வொருத்தி சொன்னதையும் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டுதான் இருந்தாள். தன் மார்பைப் பார்த்தால் அக்காவின் புண் கண்ணில் நிற்கும். பின்கண்ணாடியைப் பார்த்தால், தலையைச் சாய்த்துத் தூங்கி வழிகிற இத்தனை பெண்கள். வேனை விற்றுவிட்டு வீட்டில் உட்காரலாம். உட்கார்ந்து? வாலண்டைனிடம் கை நீட்டவா?

மறுபடி கிளினிக்குக்குப் போனாள். இடையில் நிறுத்தலாமா என்று கேட்டாள். நிறுத்தலாம், சூடு திரும்பக்கூடும் என்றார் டாக்டரம்மா. மார்பை எப்படித் தடவிப் பார்ப்பது என்று கூச்சப்படாமல் கற்றுக்கொண்டாள். வெளியே வந்து இராஜம்மாவிடம் மட்டும் சொன்னாள். "ஆறு மாசம் சாப்பிட்டுப் பாக்குறேன். சரிப்படலன்னா குப்பைல போடுவேன். நல்லதோ கெட்டதோ, இந்தத் தடவ நான் போட்ட கணக்கா இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை. வழக்கம்போலத் தேநீர்க் கடை முன்னால் வேன் நின்றது. வாலண்டைன் ஒரு விரலில் தேநீர்ப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். பிளாஸ்டிக் பை, கயிற்று முடிச்சு, நடுவில் உறிஞ்சு குழாய். பெஞ்சில் அவன் கூட்டாளி கன்னையா உட்கார்ந்திருந்தான்.

"என்னாம்மா, ஹார்மோன் கீர்மோன்லாம் வேணாம்மா. நம்ம உடம்புக்கு அது ஆவாது," என்றான் கன்னையா.

கெர்ட்ரூட் வாலண்டைனைப் பார்த்தாள். கடை பூராவும் சொல்லிவைத்திருக்கிறான்!

"நம்ம உடம்பா? ஒங்க உடம்புல எதண்ணே வெட்டி எடுத்தாங்க?" என்றாள். உள்ளேயிருந்து நல்லம்மாளின் சிரிப்பு வெடித்தது. கன்னையா குனிந்து கோப்பியை ஊதினான்.

வாலண்டைன் சன்னலில் சாய்ந்தான். "இந்தா பாரு, நான் நல்லா யோசிச்சி முடிவு பண்ணிட்டேன். செசிலியா பட்ட பாட்ட மறந்துட்டியா? நீ அத சாப்பிட வேணாம். குடு இங்க." கையை நீட்டினான்.

அவன் கண்ணில் பயம் இருந்தது. பொய்ப் பயம் என்று சொல்லமுடியாது. அந்தப் பயம் ஆபரேசன் ரூம் வாசலில் நின்றபோது எங்கே போயிருந்தது?

நீட்டிய கையில் கெர்ட்ரூட் வீட்டுச் சாவியை வைத்தாள். பிறகு அட்டையைப் பிய்த்தாள். மாத்திரையை நாக்கில் போட்டாள். அவன் விரலில் தொங்கிய தேநீர்ப் பையைக் கழற்றி, குழாயில் ஒரு இழுப்பு இழுத்து விழுங்கினாள். பையைத் திரும்ப அவன் விரலிலேயே மாட்டிவிட்டாள்.

"ஏய், நான் என்ன சொல்றேன்னா..." என்று வாலண்டைன் தொடங்கினான்.

கெர்ட்ரூட் உள்ளங்கையை ஸ்டியரிங்கின் நடுவில் வைத்து அழுத்தினாள். ஹாரன் அலறியது. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவன் கை நின்றது. ஸ்டேசன் வாசலில் போனவர்கள் திரும்பினார்கள். தங்கமணி காதைப் பொத்திக்கொண்டாள். வாலண்டைனின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கெர்ட்ரூட் அவனையே பார்த்தபடி, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.